தலை தடவிச் சொல்லும் புரொபசர்

கும்மிடிப்பூண்டிக்கு அந்த வருஷம் இரண்டு அதிசயங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று தொழிற்பேட்டை. இன்னொன்று புரொபசர் கபாலானந்தர். தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் செய்ய இரும்பு வேண்டும், கரண்ட் வேண்டும், ஆள் வேண்டும். புரொபசருக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. உங்கள் பிள்ளையின் மண்டை ஒன்று இருந்தால் போதும்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மனிதன் சந்திரனுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டான். நம் ஜனங்கள் மட்டும் மண்டையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த அரிசி மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மில் வாசலில் இப்படி ஒரு போர்டு: 'அகில உலக கபால ஆராய்ச்சி நிலையம். குடும்பம், பருவ வயது ஆரோக்கியம், கல்வி, குலம் நான்கும் ஒரே தடவலில் அறியலாம்.' அகில உலகத்தில் வேறெங்கும் இந்த நிலையத்துக்குக் கிளை இருந்ததாகத் தெரியவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

கூட்டமோ கூட்டம். பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ் மாறி மாறி வந்தார்கள். அத்திப்பட்டிலிருந்து ரயிலேறி வந்தார்கள். காக்களூர் பட்டறைக்காரர்கள் பிள்ளைகளை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து மீன்பிடிக்கிறவர்கள் ஒருநாள் தொழிலை விட்டுவிட்டு வந்தார்கள்.

அதிசயம் என்னவென்றால், புரொபசர் கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வார். கறுப்புத் துணியை அவரே கட்டிக்கொள்ள மாட்டார். கூட்டத்தில் யாரையாவது கூப்பிட்டு இறுக்கிக் கட்டச் சொல்வார். பிள்ளை முக்காலியில் உட்கார வேண்டும். பிள்ளையோ பெற்றவர்களோ வாயைத் திறக்கக் கூடாது. புரொபசர் தலையைத் தடவுவார். நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் விரல் போகும். பிறகு, "இது உப்புத் தண்ணிக் குடும்பம். தகப்பன் கையில் வலை" என்பார். சரியாக இருக்கும்! "இது கோயில் வாசனை உள்ள குடும்பம்" என்பார். அதுவும் சரியாக இருக்கும்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தகப்பன் தொழிலைச் சரியாகச் சொன்னவர் பிள்ளையின் எதிர்காலத்தைத் தப்பாகவா சொல்லிவிடுவார்?

எதிர்காலமோ ஒரே மாதிரிதான் வந்தது. மோட்டார் கார் உள்ள வீட்டு மண்டைகளுக்கு மெடிகல் காலேஜ். கோயில் தெரு மண்டைகளுக்கு வேதம், வக்கீல் படிப்பு, ஜட்ஜ் நாற்காலி. குப்பத்து மண்டைகளில் ஒன்றுக்காவது படிப்பு பொருந்தியதே இல்லை. மண்டை ஓடும் ஊர் வழக்கத்தை அனுசரித்துத்தான் வளர்கிறது போலும்!

பெண் பிள்ளைகளுக்குத் தனி ஆராய்ச்சி. "வயதுக்கு வந்த பெண், அதுவும் இந்த மாதிரி மண்டை உள்ள பெண், எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தால் ரத்தம் தலைக்கு ஏறும். கர்ப்பப்பை காய்ந்துபோகும். அப்புறம் என்னிடம் வந்து அழக்கூடாது." காசு வாங்கிக்கொண்டு ஒரு மனிதன் இவ்வளவு அசிங்கமான பொய்யை இவ்வளவு சாந்தமாகச் சொல்ல முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

பொய்க்கு ஒரு லாபக்காரரும் இருந்தார். பெயர் சுப்பராயன். தொழிற்பேட்டையில் போல்ட் கம்பெனி முதலாளி. படிப்பு பொருந்தாது என்று தீர்ப்பான பெண்கள் எல்லாரும் அவருடைய கொட்டகையில் போல்ட் பொறுக்கப் போனார்கள். சின்ன விரல், குறைந்த கூலி. புரொபசர் சொல்வதை முதலாளி மனதார நம்பினார். லாபம் தருகிற சாஸ்திரத்தை நம்பாத முதலாளி எந்த ஊரில் இருக்கிறார்?

பழவேற்காட்டுக் குப்பத்து முனிகிருஷ்ணனும் தன் மகள் செங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு போனான். எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறவள். கணக்கில் வகுப்புக்கே முதல். போன இடத்தில் அதே தீர்ப்பு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் புத்தகங்களைக் கட்டி அவன் பரண்மேல் போட்டான். கொட்டகையில் சேர்க்கச் சொல்லியும் வைத்துவிட்டான்.

முனிகிருஷ்ணன் கெட்டவன் அல்ல. மகள்மேல் உயிரையே வைத்திருந்தான். அந்த உயிர்தான் பயந்தது. இன்னொன்றும் உண்டு. ஏரிக்காரர்கள் கலங்கிய தண்ணீரில் இறங்கி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல், சேற்றைக் கையாலேயே துழாவி இறாலைப் பிடிக்கிறவர்கள். தடவிப் பார்த்தே உள்ளதைச் சொல்லலாம் என்பது அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு. கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிச் சொல்கிற ஒருவன் அவர்களுக்குப் பொய்க்காரனாகவா தெரிவான்?

இந்த நேரத்தில் சத்தியபாமா குப்பத்துக்கு வந்து சேர்ந்தாள். திருவள்ளூர் கோயில் தெருக்காரி. சென்னையில் ஒரு காலேஜில் வாத்தியார் வேலை. ஏரிக்கரைப் பெண்கள் ஏன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய வந்தவள். அவளுடைய கேள்விகளைக் கேட்டு முடிப்பதற்குள் பாதிக் குப்பம் ஏரிக்குள் ஓடிவிடும். ஆனால் அவளிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வாள். ஆராய்ச்சி என்று போர்டு மாட்டியவர்களிடம் இந்தக் குணம் இருப்பதில்லை.

படிப்பை நிறுத்திய பெண்களின் வீடு வீடாகப் போனாள். எல்லாப் பெண்களின் தலையிலும் ஒரே வேப்பெண்ணெய் நாற்றம்.

"இது என்னம்மா, எல்லார் தலையிலும் பேன் தொல்லையா?" என்று செங்கம்மாளைக் கேட்டாள்.

"இல்ல டீச்சர். புரொபசர் வாசல்ல ஒருத்தரு தைலம் வெப்பாரு. ரெண்டு மூணு தபா சீக்கா போட்டாலும் போவமாட்டேங்குது."

சத்தியபாமாவுக்குச் சட்டென்று தன் அக்காள் மகன் ஞாபகம் வந்தது. அவனையும் இந்தப் புரொபசரிடம் காட்டியிருந்தார்கள். ஜட்ஜ் ஆவான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவன் தலை தாழம்பூ மணத்தது.

மறுநாளே மில் வாசலில் போய் நின்று பார்த்தாள். வாசலில் துலுக்காணம் என்றொரு ஆள். முன்னால் மூன்று புட்டிகள். புட்டிகளின் கழுத்தில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு நூல். "எந்த ஊருமா? அப்பா இன்னா தொழிலு?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு புட்டியை எடுப்பான், பிள்ளை தலையில் தேய்ப்பான். பெரிய வீட்டுக்கும் கோயில் தெருவுக்கும் மஞ்சள் நூல். அதில் தாழம்பூ தைலம்; கோயில் தெரு என்றால் மேலே துளி சந்தனம். பட்டறைக்கும் வயலுக்கும் சிவப்பு. அதில் கற்பூர எண்ணெய். குப்பத்துக்குக் கறுப்பு. அதில் வேப்பெண்ணெய். கண்ணைக் கட்டிக்கொண்ட மகான் மூக்கைக் கட்டிக்கொள்ளவில்லை!

அவள் நேரே முனிகிருஷ்ணன் வீட்டுக்குப் போனாள்.

"எண்ணெய் வாசனையை வெச்சு சொல்றார் முனிகிருஷ்ணன். மண்டையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை."

"அட போ டீச்சரம்மா. எங்க ஊட்ல வலை கீதுன்னு புட்டுப்புட்டு வெச்சாரு. நாளைக்கு இவளுக்குப் புள்ள இல்லாம பூட்டா ஊரு என்னியத்தான கேக்கும்?"

"நான் எம்.ஏ. படிச்சேன். ரெண்டு பிள்ளை பெத்திருக்கேன்."

"உன் மண்டை வேற, எங்க மண்டை வேறம்மா. அதத்தான அவரு சொல்றாரு."

புரொபசர் பிடுங்கியது காசை மட்டுமல்ல என்று அப்போதுதான் சத்தியபாமாவுக்கு உறைத்தது.

"சரி. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை காட்டுங்கோ. அதையே சொன்னார்னா நான் இந்தக் குப்பத்துப் பக்கமே வரலை. செங்கம்மாளை நானே கொட்டகையில் கொண்டுபோய் விடறேன்."

செங்கம்மாள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "நைனா, ஒரே ஒரு தபா நைனா" என்றாள். முனிகிருஷ்ணன் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சாதாரண நாள் அல்ல. சுப்பராயன் முதலாளி தன் மகள் வைஜயந்தியின் மண்டையையே சபையில் காட்டப் போகிறார் என்று ஊரெல்லாம் நோட்டீஸ். "எம் பொண்ணு வரிசையில வர்றப்போ இவதான்னு யாரும் சொல்லக் கூடாது. புரொபசர் தானா கண்டுபிடிக்கட்டும். நாக்குல நரம்பில்லாம பேசறவன் வாயெல்லாம் அன்னிக்கு அடையட்டும்" என்று அவரே சவால் விட்டிருந்தார்.

சத்தியபாமா காலையிலேயே போய்விட்டாள். "ஐயா, தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றாள். துலுக்காணம் உள்ளே பானைக்குப் போனான். அவன் திரும்புவதற்குள் மஞ்சள் நூல் வேப்பெண்ணெய்ப் புட்டிக்கும், கறுப்பு நூல் தாழம்பூப் புட்டிக்கும் இடம் மாறின. துலுக்காணத்துக்கு மூக்குப்பொடி உயிர். பல வருஷமாகப் போட்ட பொடியில் அவன் மூக்கு செத்தே போயிருந்தது. அவனுக்கு நூல்தான் தெரியும்.

முதலில் செங்கம்மாள். சத்தியபாமா சொன்னபடி நாலு நாளாகச் சீக்காய் தேய்த்து, பழைய வேப்பெண்ணெய் வாடையைப் போக்கிவிட்டு வந்திருந்தாள். "எந்த ஊரு? பழவேற்காடா?" கறுப்பு நூல். அவளுக்குப் பின்னால் வைஜயந்தி, பட்டுப் பாவாடை தாவணியில். கேட்கவே வேண்டாம், மஞ்சள் நூல்.

"சீ, என்னா நாத்தம்!" என்று வைஜயந்தி மூக்கைப் பொத்தினாள்.

"தைலம்னா அப்டித்தாம்மா இருக்கும். உள்ள போ."

உள்ளே மில் நிறைய ஜனம். முன் வரிசையில் மாலையும் கையுமாகச் சுப்பராயன். புரொபசர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செங்கம்மாள் முக்காலியில் உட்கார்ந்ததும் அவர் மூக்கு லேசாக விரிந்தது. தாழம்பூ! முதலாளி மகள் வந்துவிட்டாள் என்று புரொபசரின் உள்ளம் குளிர்ந்தது.

"ஆகா!" என்றார். "லட்சுமி குடியிருக்கிற மண்டை. இந்தக் குழந்தையின் தகப்பனார் சாதாரண மனிதர் அல்ல. அவர் கை அசைத்தால் இயந்திரங்கள் ஓடும். நூறு குடும்பம் சாப்பிடும்."

முனிகிருஷ்ணன் தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான். வலைக் கயிறு அறுத்த தழும்பு இருந்தது. இயந்திரம் எதையும் காணோம்.

கூட்டத்தில் சலசலப்பு. சுப்பராயன் எழுந்திருக்கப் போனார். "யாரும் வாய் திறக்கப்படாது, புரொபசர் உத்தரவு" என்றாள் சத்தியபாமா. அவர் உட்கார்ந்தார். சலசலப்பைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட புரொபசர் மேலும் அவிழ்த்துவிட்டார்.

"இந்தப் பெண் படிக்க வேண்டும். எவ்வளவு வேண்டுமானாலும் படிக்க வேண்டும். டாக்டர் ஆவாள். கர்ப்பப்பைக்கு ஒரு குறையும் வராது. இந்த மண்டையின் படிப்பை நிறுத்துகிறவன் பாவி!"

முனிகிருஷ்ணன் பரண்மேல் போட்ட புத்தகங்களை நினைத்துக்கொண்டான்.

அடுத்து வைஜயந்தி உட்கார்ந்தாள். புரொபசர் முகம் சுருங்கியது. தொட்டதும் தொடாததுமாகக் கையை எடுத்தார்.

"உப்புத் தண்ணிக் குடும்பம். தகப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சாயங்காலமானால் சாராயக் கடை. இந்த மண்டையில் படிப்பு ஏறாது. ஏறினால் கர்ப்பப்பை காய்ந்துபோகும். நம் சுப்பராயன் முதலாளி தர்மவான். அவர் கொட்டகையில் போல்ட் பொறுக்க விடுங்கள். இந்த விரலுக்கு அதுதான் விதி."

"யோவ்!" என்று ஒரு கத்தல். மாலை தரையில் விழுந்தது. "யாருய்யா சாராயக் கடைக்குப் போனவன்? அது எம் பொண்ணுய்யா! எம் பொண்ணு போல்ட் பொறுக்கணுமா?"

"ஏன் முதலாளி, பொறுக்கினா இன்னா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தாயாரம்மாள், செங்கம்மாளின் சேக்காளி. போன மாதம் வேப்பெண்ணெய்த் தலையோடு அந்தக் கொட்டகைக்குப் போனவள். "நாங்க பொறுக்கச் சொல்லோ விதி, உங்க பொண்ணுன்னா மட்டும் கோவமா?"

அன்றைக்கு அந்த மில்லில் நடந்த ஒரே ஆராய்ச்சி அந்தக் கேள்விதான்.

புரொபசர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பட்டுப் பாவாடையைப் பார்த்தார். துலுக்காணத்தைப் பார்த்தார். சத்தியபாமா மூன்று புட்டிகளையும் கொண்டுவந்து ஜனங்களிடம் நீட்டினாள். "மோந்து பாருங்கோ. உங்கள் தொழிலும் குலமும் பிள்ளைகளோட எதிர்காலமும் இதுக்குள்ளதான் இருக்கு. வேற எங்கேயும் இல்லை."

புட்டிகள் கைமாறிக் கைமாறிப் போயின. முனிகிருஷ்ணன் வேப்பெண்ணெயை மோந்து பார்த்தான். காற்றின் வாடையிலேயே மழையைச் சொல்கிறவன் அவன். மகள் தலையில் தினமும் வீசிய வாடையை மோந்தும் அவன் யோசிக்கவில்லை. "இத்தக்கூட ரோசனை பண்ணலியே நானு" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்று கிரக நிலை... தைலத்தில் கலப்படம்..." என்று புரொபசர் ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. அகில உலகப் போர்டு சுக்குநூறாகியது. புரொபசர் பின்வாசல் வழியாக ரயிலடிக்கு ஓடினார். அந்த ஓட்டத்தில் மண்டையைவிடக் காலே உபயோகமான உறுப்பு என்று கண்டுபிடித்திருப்பார்.

திங்கட்கிழமை செங்கம்மாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பரணிலிருந்து புத்தகக் கட்டை முனிகிருஷ்ணனே இறக்கித் தூசு தட்டிக் கொடுத்தான். தாயாரம்மாள் கொட்டகைக்குத்தான் போனாள். அவள் வீட்டில் கல்யாணம் பேசி முடித்தாயிற்றாம். பொய் அம்பலமான பிறகும் அது செய்த வேலை அப்படியே நிற்கும் என்பதை யாரும் போர்டில் எழுதி மாட்டுவதில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாகப் பேனாவை மூடியிருப்பேன். செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் தாழம்பூ தைலத்துக்குத் தட்டுப்பாடு! கடைக்காரரை மொய்த்துக்கொண்டு ஒரே கூட்டம். "அந்தப் பொண்ணு தலையில அத்த வெச்சதும் டாக்டருன்னு வந்துச்சாமே, எம் புள்ளைக்கும் ஒரு புட்டி குடுய்யா" என்று ஆளாளுக்குக் கை நீட்டினார்கள்.

ஜனங்களே, உங்கள் பிள்ளைகளின் மண்டையில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பள்ளிக்கூடம் போதும், எண்ணெய் வேண்டாம். பழுது பார்க்க வேண்டியது எதுவென்று தெரிய வேண்டுமானால், அந்தக் கடை வாசலில் கை நீட்டி நிற்கும்போது உங்கள் தலையை நீங்களே ஒருமுறை தடவிப் பாருங்கள்.