டாங்கோ நின்ற வாசல்

அந்தக் காலத்தில் சிவகாசி வட்டாரத்தில் டாங்கோவின் கை படாத ஆண்பிள்ளை ஒருவர் இருந்திருந்தால், அவர் விஸ்வநத்தம் பக்கமே தலைவைத்துப் படுக்காதவராக இருக்க வேண்டும். மிகை என்று நினைக்காதீர்கள். கொஞ்சம்தான் மிகை.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் குமாஸ்தா. டாங்கோ வாசல் காவல்காரர். தீப்பெட்டி, பீடி உள்ளே போய்விடாமல் ஆண்களைத் தடவிப் பார்த்து அனுப்புவது அவர் வேலை. பெண்களுக்குத் தனியாக ஓர் அக்கா உண்டு. எல்லாக் கம்பெனியிலும் இப்படி ஓர் ஆள் இருப்பார். ஆனால் லத்தீனில் தடவியவர் இவர் ஒருவர்தான்.

பாதிரியாருக்குப் படிக்க மதுரைக்குப் போய் ஒன்றரை வருஷத்தில் திரும்பி வந்தவர். அவர் பட்டப்பெயரான ‘டாங்கோ’வுக்கு லத்தீனில் ‘தொடுகிறேன்’ என்று பொருள். அந்த வினைச்சொல்லின் நான்கு வடிவங்களைச் சொல்லித்தான் சோதனை நடக்கும். ‘டாங்கோ’ என்றால் சட்டைப்பை. ‘டாஞ்செரே’க்கு இடுப்பு மடி. ‘டெட்டிஜி’க்குத் தலை. ‘டாக்டும்’ என்று முடிக்கும்போது காதுமடல், ஏனென்றால் பீடி ஒளிகிற இடம் அது. நாங்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்போம். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ பூசை நடப்பதாக நினைத்துச் செருப்பைக் கழற்றியதுண்டு.

“ஏன் படிப்பை விட்டீக?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் எங்கன விட்டேன்? அந்த ஒரு சொல்லுலயே நின்னுட்டேன். தொடுறதுக்கும் அதே சொல்லு, வாயில வச்சு ருசி பாக்கதுக்கும் அதே சொல்லு. ஆனைக்குட்டத்துல எங்க நிலம் இன்னொருத்தர் நிலத்தை ஒட்டிக் கெடக்குன்னா அதுக்கும் அதுதான். ஒரு சொல்லை முழுசாப் பாக்காம அடுத்ததுக்குப் போனா அதுக்கு மரியாதையா? பாடம் சொன்ன சாமிக்கு இது புரியலை.”

“அம்புட்டுத்தானா அர்த்தம்?”

“இடி விழுந்தாலும் லத்தீன்காரன் ‘வானத்துலருந்து தொட்டுச்சு’ம்பான். இங்கன தீ தொட்டாலும் அப்படித்தான், மிச்சம் இருக்காது. மனசைத் தொடுறதுக்கும் அதே சொல்லு உண்டு. ஆனா அது கம்பெனி வேலையில வராது.”

மத்தியானம் “சாப்பிட்டீகளா?” என்று கேட்டால் “டெட்டிஜி” என்பார். சோற்றைத் தொட்டாயிற்று என்று பொருள். என் தூக்குச்சட்டியில் கருவாடு இருந்தால் மட்டும் மறுபடி ‘டாங்கோ’ என்று நிகழ்காலத்தில் ஆரம்பிப்பார்.

ஒரு தீபாவளி சீசனில் அவர் வேலைக்கே உலை வைக்கிற நாள் வந்தது. முதலாளி மகளுக்கு விருதுநகரில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்தான் கம்பெனியைக் கவனிப்பார் என்று ஏற்பாடு. மாப்பிள்ளையின் அப்பா, எண்ணெய் வியாபாரி, கம்பெனியைப் பார்க்க முதலாளியோடு காரில் வந்து இறங்கினார்.

டாங்கோ மறித்தார். “கையைத் தூக்குங்க.”

வியாபாரியின் முகம் சுருங்கியது. முதலாளிக்கு வேர்த்துவிட்டது. “ஏலே, அவுக என் சம்பந்தியாகப் போறவுக! வழிய விடு.”

“ஆகட்டும்யா. தொட்டுட்டு அனுப்புதேன்.”

“இப்ப விடலேன்னா நாளைக்கு நீ இந்த வாசல்ல நிக்க மாட்ட!”

“நாளைக்குத்தானேய்யா. இன்னைக்கு நிக்கேன்லா.”

நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டாங்கோவுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். வேறு தொழில் தெரியாது. லத்தீனும் அரைகுறை.

சம்பந்தியைச் சமாதானப்படுத்த முதலாளி தன் கைகளைத் தூக்கினார். “நானும் தினம் நிக்கத்தான செய்றேன். முதல்ல என்னையப் பாரு.”

டாங்கோ, சட்டைப்பை. டாஞ்செரே, இடுப்பு. கை அங்கேயே நின்றது. மடியிலிருந்து வெளியே வந்தது ஒரு தீப்பெட்டி. நல்ல காரியமாயிற்றே என்று காலையில் கோயிலில் சூடம் ஏற்றியவர், நினைப்பில்லாமல் செருகிக்கொண்டு வந்துவிட்டார்.

டாங்கோ அதைத் தண்ணீர் வாளியில் போட்டார். பிறகு தலைக்கும் காதுக்கும் போய் மிச்ச இரண்டு சொல்லையும் முடித்தார். பாதியில் விடுகிற ஆள் இல்லை.

வியாபாரி வாளியை எட்டிப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துவிட்டுத் தானாகவே கைகளைத் தூக்கினார். நான்கு சொல்லும் முடிந்ததும் முதலாளியிடம் கேட்டார்: “எம் மவன் இங்கனதான் உக்காரப் போறான். இவுக வாசல்ல நிப்பாகளா?”

முதலாளி வாயைத் திறக்குமுன் டாங்கோ சொன்னார்: “இன்னைக்கு உண்டு. நாளைக்கு எப்படின்னு ஐயாதான் சொல்லணும்.”

கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க டாங்கோவை நிறுத்தினார்கள். பழக்கதோஷம், மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேரைத் தடவிவிட்டார்.

சில வருஷம் கழித்து எனக்கு விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் வேலை கிடைத்தது. முதல் நாள் காலை மண்டி வாசலில் போய் நின்றேன்.

“என்ன தம்பி, கையைத் தூக்கிட்டு நிக்கீக?” என்றார் மண்டிக்காரர்.

“ஒண்ணுமில்லண்ணாச்சி” என்றேன். டாங்கோவை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. கைகளை இறக்கத்தான் கொஞ்ச நேரம் ஆயிற்று.