வாய் எட்டும் இடத்தில் பன்னிரண்டு வோல்ட்

கல்முனையிலிருந்து ஒலுவில் வரை இந்தக் கடற்கரையில், நான்கு காலில் நடந்து குடும்பம் நடத்தும் ஒரே மனிதர் பன்னிரண்டு வோல்ட்தான். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் தெருவுக்கு அது தேவைப்படவில்லை.

வீடுகளுக்கு வயர் இழுத்து லைட் பூட்டுவது அவர் தொழில். பூனையோ நாயோ முயலோ வளர்க்கிற வீடென்றால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையையும் முழங்காலையும் நிலத்தில் ஊன்றி, நாலு காலில்தான் உள்ளே போவார். கேட்டால், "பூனைட உயரத்துல நிண்டு பார்த்தாத்தான் பூனைட புத்தி விளங்கும்" என்பார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: "வாய் எட்டுற இடத்துல பன்னெண்டு வோல்ட்டு. கை எட்டுற இடத்துல இருநூத்தி முப்பது."

சாய்ந்தமருதில் ஒரு புடவைக்கடை முதலாளி வீட்டில், சோபா செற்றிக்கு அடியில் போன வயரைத் தேடி நெற்றியை நிலத்தில் வைத்தவர் வைத்தபடியே இருந்தார். தலையில் தொப்பி வேறு. மனிதர் தொழுகையில் சுஜூதில் இருக்கிறார் என்று முதலாளி டீவியை நிறுத்தி, பிள்ளைகளை அதட்டி, கால் மணி நேரம் கைகட்டி நின்றாராம். கடைசியில் செற்றிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"முதலாளி, ஒங்கட பூனை இஞ்ச குட்டி போட்டிரிக்கி."

காரைதீவில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர் முற்றத்துக்கு லைட் போடக் கூப்பிட்டார். கல்யாணத் தரகர் மாதிரிக் கேள்வி கேட்கத் தொடங்கினார் பன்னிரண்டு வோல்ட். நாய்க்கு என்ன வயசு? பல்லு முளைக்குதா? தனியா விட்டா கடிக்குமா? மண்ணக் கிண்டுமா? தபால் அதிபர் பொறுமை இழந்தார்.

"தம்பி, லைட்டு எனக்கோ, நாய்க்கோ?"

"லைட்டு ஒங்களுக்கு ஐயா. வயர் நாய்க்கு."

முற்றத்து வயர் முழுவதையும் குழாய்க்குள் விட்டுப் புதைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் ஊர் சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் மின்னோட்டம் படிப்பித்தவன் நான். தெருவில் ஒருவருக்கு பிளக்கில் சந்தேகம் வந்தால் என் வாசலைத் தாண்டித்தான் பன்னிரண்டு வோல்ட்டிடம் போவார்கள். போகிற வழியில் எனக்கு மரியாதையாக ஸலாம் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஸலாம்தான் இன்னும் எரியும்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். வீடு என் மனைவி பரீதாவுடையது. கிணறும் தென்னைகளும் அவளுடையவை. அந்த வளவுக்குள் என்னுடையது என்று இருந்தது சுல்தான் மட்டும்தான். பள்ளிக்கூட வாசலிலிருந்து நான் தூக்கி வந்த செவலைப் பூனை. அந்தச் சுல்தானும் பன்னிரண்டு வோல்ட்டின் மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டதும் என் மடியை உதைத்துக்கொண்டு ஓடும்.

பரீதாவும் அவர் கட்சி. "அந்த மனிசன் வந்த முதல் நாளே பூனைட பேரக் கேட்டாரு. நீங்க என்ட சாச்சிட பேர இன்னும் பிழையாத்தான் சொல்றீங்க."

அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு முன், ஷோகேசைச் சுற்றி ஸ்ட்ரிப் லைட் ஒட்ட வேண்டும் என்றாள். "இஞ்சாருங்க, பன்னெண்டு வோல்ட்டுக்குப் போன் கோல் எடுங்களன்."

"என்னத்துக்கு? இந்த வீட்டுல ஒரு விஞ்ஞான ஆசிரியன் இரிக்கான்" என்றேன். டவுனுக்குப் போய் ஒரு சுருள் வாங்கி வந்து, ஷோகேசின் அடி விளிம்பு வரை நானே ஒட்டினேன். சுவிட்சைப் போட்டதும் வீடு கல்யாண வீடாகியது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. மிச்சமாக இரண்டு முழ வயர் செற்றிக்குப் பின்னால் தொங்கியது. அடப்டர் நிலத்தில் கிடந்தது. அவையெல்லாம் என் கண்ணில் படவில்லை.

மறுநாள் பரீதா அவரைத் தேத்தண்ணி குடிக்க வரச்சொல்லியிருந்தாள். வந்தவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. நாலு காலில் ஷோகேசை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"சேர், வடிவா இரிக்கி. ஆனா இந்த அடப்டருக்குள்ள வாறது இருநூத்தி முப்பது. பூனை அந்தப் பக்கத்து வயரக் கடிச்சா முடிஞ்சிது. அதை மேல ஏத்துங்க. தொங்குற வயரையும் மூடுங்க. அடியில ஒட்டின லைட் பட்டியும் வாய்க்கு எட்டும்."

"பட்டியில ஓடுறது பன்னிரண்டு வோல்ட். பூனைக்கு ஒண்டும் ஆகாது. ஓமின் விதி தெரியுமா தம்பி?"

"ஓம்" என்றார்.

ஆமென்றாரா, விதியின் பெயரைத் திருப்பிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "சரிதான் சேர், ஷொக் அடிக்காது. ஆனா வயித்துக்கு வோல்ட்டுக் கணக்குத் தெரியாதே" என்றார். அவருக்கு எதிரில் ஒரு ஆணியைக்கூட அசைக்க என் ரோசம் விடவில்லை. அவர் போன பிறகும் விடவில்லை.

மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பார்த்தால், சுல்தான் சூரை மீனை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. இரண்டு தரம் வாந்தி எடுத்தது. ஷோகேசின் அடியில் பட்டி கிழிந்து, பாதி லைட் அணைந்திருந்தது. பரீதா என்னைக் கேட்காமலே அவருக்குக் கோல் எடுத்தாள்.

வந்தவர் முதலில் பிளக்கைக் கழற்றினார். பிறகு நிலத்தில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, பசை ஒட்டியிருந்த தடத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் நீளம் வெறுமையாக இருந்தது.

"சேர், மூணு பல்ப் குறையுது."

"செற்றிக்குள்ள போயிரிக்கும்" என்றேன்.

அவர் சுல்தானின் வயிற்றைக் காட்டினார். பரீதா, "யா அல்லாஹ்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

உடுப்புக் கூடைக்குள் பூனையை வைத்து வலையால் மூடி, மோட்டர் சைக்கிளில் அவருக்குப் பின்னால் நான் கூடையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தேன். வழி முழுக்க, "பொறு மனே, இந்தா வந்திட்டம்" என்று பூனைக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் இருந்த எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அந்த நிலையிலும் பொறாமைப்பட என்னால் முடிந்தது.

மிருக வைத்தியர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, வயிற்றைத் திறந்து துண்டை எடுத்தார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் குடலைக் கிழித்திருக்கும் என்றார். வெளியே வந்தவர் கோபமாகத்தான் வந்தார்.

"ஆர் இந்த லைட்டப் பூட்டின?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள், "நான்தான் டொக்டர்" என்றது பக்கத்துக் குரல்.

வைத்தியர் அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். தலையைக் குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டார் மனிதர். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

வெளியில் வந்து, "என்னத்துக்கு அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சேர் நாளைக்குப் புள்ளைகளுக்குக் கரண்டு படிப்பிக்கணுமே. நான் நாலு கால்ல நடக்குறவன். எனக்கு இனி என்ன மரியாதை விழப்போகுது?"

விழத்தான் செய்தது. பன்னிரண்டு வோல்ட் பூட்டிய லைட்டைத் தின்று பூனை சாகக் கிடந்ததாம் என்று இரண்டு நாளில் ஊர் முழுக்கக் கதை. புடவைக்கடை முதலாளி தன் வீட்டு மேல்மாடி லைட் வேலைக்கு இனி வர வேண்டாம் என்றுவிட்டார். அந்த இரண்டு நாளும் நான் வாய் திறக்கவில்லை. வெட்கமான விடயம்தான், ஆனால் இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தெருவில் அவரைவிட நான் உயர்ந்து நின்றேன். அது கொஞ்சம் இனித்தது. சுல்தான் தையலோடு வீட்டுக்கு வந்த அன்றுதான் கசந்தது.

நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போய், நாலு பேருக்கு முன்னால், "அந்த லைட்டப் பூட்டினது நான்" என்றேன். கடைக்கார ஹாஜியார் கண் கலங்கினார்.

"பாருங்கடா, சேர்ர மனச! அடுத்தவன்ட பிழையத் தன்ட தலையில போடுறாரு!"

சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய என் மரியாதை ஏறியதே தவிர, அவருடையது மீளவில்லை. கடைசியில் அவரையே வீட்டுக்குக் கூப்பிட்டு, "நான் பூட்டினதக் கழட்டி, ஒழுங்காப் பூட்டக் காட்டித் தாங்க" என்றேன்.

"அப்ப குனிங்க சேர்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வீட்டில் நான்கு காலில் நடந்தேன். கீழிருந்து பார்த்தால் வீடு முழுக்க வயர் வால்கள் தொங்கின. டீவிக்குப் பின்னால், மேசைக்கு அடியில், ஜன்னலோரம் எல்லாம் வால். நான் பூனையாக இருந்தால் நானும் கடித்திருப்பேன்.

பூனையைப் பார்க்க வந்த புடவைக்கடை முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார். "சேர், என்ன செய்றீங்க?"

"படிக்கிறன்" என்றேன், செற்றிக்கு அடியிலிருந்து. "இவரு முதலே சொன்னாரு. நான் கேக்கல்ல."

கடையில் சத்தியத்துக்கு மசியாத ஊர், என் முழங்காலை நம்பியது. மேல்மாடி வேலை அன்றே அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தையல் ஆறியதும் சுல்தான் முதலில் ஏறியது அவர் மடியில்தான், அதை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் இரண்டு மூன்று நாள் அவர் தெருவில் தென்படாவிட்டால், மெயினை நிறுத்திவிட்டு, நல்லாக இருக்கிற சுவிட்ச் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு, "தம்பி, இது எனக்கு விளங்குதில்ல, ஒருக்கா வந்திட்டுப் போங்களன்" என்று அவருக்குக் கோல் எடுக்கிறேன்.