மூக்கு பொய் சொல்லாது

ராசப்பன் குழாயடியில் மூக்கைச் சிந்திவிட்டுத் துண்டைப் பார்த்தான். மஞ்சள்.

"போச்சு" என்று முனகிக்கொண்டே நிமிர்ந்தால், எதிரில் முதலாளி சென்னியப்பன். அவரும் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சளாப்பா?"

"லேசாத்தானுங்க முதலாளி."

"உம்" என்று தலையை ஆட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த "உம்" கேட்டதும் ராசப்பன் துண்டைச் சுருட்டி இடுப்பில் மறைத்தான். செவ்வாய்ப்பேட்டையில் இருந்த அவருடைய மஞ்சள் மண்டியில், போன வருஷம் ஒருவன் இருமிக்கொண்டே மூட்டை தூக்கினான். முதலாளி அவனை "ஒடம்பைப் பாத்துக்க சாமி" என்று பாசமாகச் சொல்லி, ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இப்போதோ மேஸ்திரி கருப்பண்ணன் பங்குனியோடு வேலையை விட்டு நிற்கப் போகிறார். மாதக் கடைசியில் புது மேஸ்திரி யார் என்று முதலாளி சொல்வார். மண்டியில் எல்லார் வாயிலும் ராசப்பன் பெயர்தான். அவன் மனைவி வசந்தாமணி, பனமரத்துப்பட்டியில் இருக்கும் தன் அக்காளிடம், "எங்கூட்டுக்காரரு மேஸ்திரி ஆயிட்டாருக்கா" என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டாள். இந்த நேரம் பார்த்தா மூக்கு மஞ்சளாக வேண்டும்?

ராசப்பன் இத்தனை காலம் முன்கடையில் தராசடியில் நின்றவன். இந்தப் பங்குனியில்தான் பின்கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே காய்ந்த மஞ்சளைப் பீப்பாயில் போட்டுச் சுற்றி மெருகேற்றுவார்கள். பீப்பாய் சுற்ற ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியாது, அவ்வளவு தூள். சாயங்காலம் பார்த்தால் ராசப்பனுக்குக் கை மஞ்சள், வேட்டி மஞ்சள், காதுமடல் மஞ்சள். அதெல்லாம் தூள் என்று அவனுக்குத் தெரியும். மூக்கிலிருந்து வருவது மட்டும் வியாதி என்று எப்படியோ முடிவு கட்டிவிட்டான். அரண்டவன் கண்ணுக்கு மஞ்சளும் பேய்தான்.

போதாக்குறைக்குப் பொன்னன் வேறு. அவனும் பின்கொட்டகை ஆள்தான். இடுப்பில் எப்போதும் ஒரு சின்னத் தகர டப்பா, மூக்குப்பொடிப் பழக்கம். சாயங்காலம் முதலாளி குழாயடிக்கு வருகிற நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி ஒரு சிட்டிகை உறிஞ்சுவான். ரெண்டு தும்மல். அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிந்தல். அவன் துண்டில் விழுந்தது அசல் சாமந்திப்பூ நிறம்.

'ஐயோ பாவம், இவனுக்கு நம்மளைவிட முத்திப்போச்சு' என்று ராசப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

"பொன்னா, ஒரு டாக்டரப் பாரப்பா."

"எனக்கென்ன கேடுங்ண்ணா? நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்று சிரித்தான் அவன்.

வீட்டுக்குப் போனதும் வசந்தாமணி வைத்தியம் சொன்னாள்.

"ஏனுங்க, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு! வெரலி மஞ்சளச் சுட்டு மூக்குல பொகையப் புடிச்சா எந்தச் சளியும் ஓடிப்போயிருமுங்க."

"மறுக்கா மஞ்சளா? ஆளை உடு புள்ள. பகலெல்லாம் அதுலதான் கெடக்கறேன்."

"அது ஏவாரத்து மஞ்சளுங்க. இது வைத்தியத்து மஞ்சள்."

ராசப்பன் மூக்கை நீட்டினான். விளக்கில் சுட்ட மஞ்சளை மூக்கடியில் பிடித்து, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டப் புகையை இழுத்தான். வீட்டுப் பூனை வெளியே ஓடிவிட்டது.

மறுநாள் வேலை தொடங்கும் முன்பே குழாயடியில் சிந்தினான். கறுப்பு. நிமிர்ந்தால் முதலாளி.

"என்னப்பா, கருப்பா வருது? கரிக்கடைப் பக்கம் போனியா?"

"இல்லீங்களே."

"அங்க ஆராச்சும் வேண்டியவங்க இருக்காங்களா?"

"சத்தியமா இல்லீங்க முதலாளி."

"உம்."

இந்த "உம்" நேற்றையதைவிட நீளம். வியாதி யாரிடமிருந்து தொற்றியது என்று விசாரிக்கிறார் போலிருக்கிறது என்று ராசப்பன் பயந்தான். அன்றைக்கே டாக்டரிடம் ஓடினான். மண்டி ஆள் என்று சொன்னால் செய்தி முதலாளி காதுக்குப் போய்விடும் அல்லவா? அதனால் ஒரு பொய்யையும் கையோடு கொண்டுபோனான்.

"எங்க வேலை?" என்றார் டாக்டர்.

"ஜவுளிக்கடைங்க. மூக்குல மஞ்சளா வருதுங்க."

டாக்டர் பாடமே நடத்தினார். "தண்ணியாட்டம் வந்தா ஒண்ணுமில்லை. மஞ்சளாவோ பச்சையாவோ கெட்டியா வந்தா உள்ளே ஒடம்பு கிருமியோட சண்டை போடுதுன்னு அர்த்தம். சண்டையில செத்த அணுக்களோட நிறம் அது. ரத்தமா வந்தா உள்ளே வறண்டு கீறியிருக்கும். மாத்திரை தர்றேன். அந்த அழுக்குத் துண்டைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல கைக்குட்டை வெச்சுக்க."

உள்ளே சண்டை நடக்கிறது என்று கேட்டதும் ராசப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வசந்தாமணிக்கோ கைக்குட்டைதான் பெரிதாகப் பட்டது. மேஸ்திரி ஆகப் போகிறவர் கையில் இருப்பது வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டாமா? புதுசாக வாங்கித் துவைத்து, சொட்டுநீலத்தைச் சொட்டாக இல்லாமல் கொட்டியே விட்டாள். பங்குனி வெயிலில் ராசப்பன் அந்தக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தான், மறுபடி துடைத்தான், வியர்வையோடு துடைத்தான்.

சாயங்காலம் சிந்தினால் நீலம்.

"அட! சாயப்பட்டறையிலயும் உனக்கு ஆளு தெரியுமாக்கும்?" என்றார் முதலாளி. இந்த முறை "உம்" கூடச் சொல்லவில்லை.

ராசப்பன் டாக்டர் வீட்டுக் கதவையே தட்டினான்.

"நீலமா?" டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நான் படிச்ச எந்தப் புஸ்தகத்துலயும் நீலம் இல்லையேப்பா!" டார்ச்சு அடித்து மூக்கைப் பார்த்தார். கைக்குட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு காதுமடலைப் பிடித்துத் திருப்பினார். "ஜவுளிக்கடையில காதுல மஞ்சள் ஏது?"

"மஞ்ச மண்டிங்க" என்றான் ராசப்பன், அழாத குறையாக.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அட மடையா! மூக்குல சளி எதுக்கு இருக்கு? உள்ளே போற தூசியைப் பிடிச்சு நிறுத்தத்தான். மஞ்சத்தூளைப் பிடிச்சா மஞ்சள், புகையைப் பிடிச்சா கருப்பு, நீலத்தைத் துடைச்சா நீலம். நாய் திருடனைப் பிடிச்சுக் குடுத்தா நாயையா அடிப்பே? மூக்கைத் துணியால கட்டிக்கிட்டு வேலையைப் பாரு, போ."

ராசப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றிலிருந்து நனைத்த துணியை இரண்டாக மடித்து மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு பீப்பாயடியில் நின்றான். பயம் போன சந்தோஷத்தில் ஒரே ஆளாக இரண்டு ஆள் வேலை பார்த்தான்.

பங்குனிக் கடைசி நாள் சாயங்காலம் எல்லாரையும் குழாயடிக்கு வரச் சொன்னார் முதலாளி. ராசப்பன் நேராக அவர் எதிரில் போய் நின்றான். துணியை அவிழ்த்தான். மார்பை நிமிர்த்திக்கொண்டு சிந்தினான். இரண்டு கையாலும் கைக்குட்டையை விரித்துக் காட்டினான்.

"பாருங்க முதலாளி! தெளிஞ்ச தண்ணியாட்டம்! ஒரு பொட்டு மஞ்சள் இல்லீங்க!"

முதலாளி முகம் சுண்டிப் போயிற்று. அதே நேரம் பின்னால் இரண்டு தும்மல் கேட்டது. பொன்னன் சிந்தினான். சாமந்திப்பூ.

முதலாளி அவன் தோளில் கையைப் போட்டார். "இவந்தான் இனி மேஸ்திரி."

"முதலாளி!" என்றான் ராசப்பன்.

"என்னப்பா முதலாளி? எங்கப்பன் காலத்துல இருந்து நாங்க ஆளைப் பாக்கறது மூக்கைப் பாத்துத்தான். பீப்பாய்கிட்ட நின்னவன் மூக்குல மஞ்சள் இருக்கோணும். நீ ஒரு நாள் கரிக்கடைக்குப் போனே, ஒரு நாள் சாயப்பட்டறைக்குப் போனே. இன்னைக்கு எங்கியுமே போகாம நெழல்ல படுத்துக் கெடந்துட்டு, அதை எங்கிட்டயே விரிச்சுக் காட்டறே!"

"மூக்கைத் துணியால கட்டியிருந்தனுங்க! வேட்டியப் பாருங்க, கையப் பாருங்க!"

"மூட்டையத் தொட்டாலே கை மஞ்சளாகும். துணி எதுக்குக் கட்டினே? எங்க மஞ்சள் உனக்கு நாறுதா?"

"கருப்பண்ணண்ணனக் கேளுங்க முதலாளி!"

"கேட்டா எல்லாரும் எல்லாருக்கும் சாட்சி சொல்லுவீங்க. வாய் பொய் சொல்லும் சாமி, மூக்கு சொல்லாது."

அவர் போய்விட்டார். கூட்டமும் கலைந்தது. ராசப்பன் ஒரு காலி மூட்டையின் மேல் உட்கார்ந்தான். வசந்தாமணி முகத்தில் எப்படி விழிப்பான்? அவள் அக்காள் முகத்தில் எப்படி விழிப்பான்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கிலும் வந்தது. அதுவும் பாழாய்ப்போன தண்ணீர் நிறத்திலேயே வந்தது.

பொன்னன் பக்கத்தில் வந்து குந்தினான். பாவமாகத்தான் பார்த்தான். இடுப்பிலிருந்த டப்பாவை எடுத்து ராசப்பன் கையில் திணித்தான்.

"எனக்குப் பொடி போடற பழக்கம் இல்லப்பா."

"எனக்கு மட்டும் இருக்குதாக்கும்? தொறந்து பாருங்ண்ணா."

திறந்தான். உள்ளே பளபளவென்று மஞ்சத்தூள்.

"மேஸ்திரி மூக்கை முதலாளி பாக்கறதில்லீங்ண்ணா, இனிமே இதை நீங்களே வெச்சுக்குங்க. சாயங்காலம் அவரு வர்றப்போ ஒரு சிட்டிகை உறிஞ்சினாப் போதும். நான் அந்தக் கொட்டாய்க்குள்ள கால் வெச்சே ரெண்டு வருசமாச்சு!"