செத்தவன் வாசல் வழியாக வரக்கூடாதாம்

சிசிலியில் கோதுமை வியாபாரம் பார்க்கும் அன்புள்ள மச்சான் மானியஸ் ஃபுல்சினியஸ் அவர்களுக்கு, ரோமாபுரியிலிருந்து உங்கள் தங்கையின் கணவன் நுமேரியஸ் டுரோனியஸ் எழுதிக்கொண்டது. நீங்கள் நலமென்றால் மிக்க நல்லது. நானும் நலம். ஆனால் இந்த ஊரில் ஒருவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

நான் ஊர் திரும்ப இருந்த கப்பல் மூழ்கியது உண்மை. அதில் நான் இருந்தேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? உங்கள் வீட்டு விருந்தில் தின்ற நத்தைகள் வயிற்றைப் புரட்டி, துறைமுகத்து மூலையில் நான் குனிந்துகொண்டிருந்தபோதே கப்பல் கிளம்பிவிட்டது. ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாதா மச்சான்? நான் செத்துப்போய்விட்டதாக அடுத்த கப்பலிலேயே கடிதம் அனுப்பிவிட்டீர்கள்! நான் படகிலும் கழுதையிலுமாக ஊர் வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. தெருவுக்குள் நுழைந்தால் என் வீட்டு வாசலில் துக்கத்துக்குக் கட்டும் சைப்ரஸ் கிளை. பகீரென்றது. வாசல் காக்கும் டாமாவிடம், "யாருடா போனது?" என்றேன். "எங்க எஜமானருங்க" என்று தலை நிமிராமல் மூக்கைச் சிந்தினான். "அடப்பாவமே, நல்ல மனுஷனாச்சே!" என்று நானும் கண் கலங்கிவிட்டேன். அப்புறம்தான் அவன் எஜமானன் நான் என்பது உறைத்தது. அவனும் நிமிர்ந்து பார்த்தான். கதவைப் படாரென்று சாத்தித் தாழ் போட்டுவிட்டான்.

கதவுக்கு அந்தப் பக்கம் உங்கள் தங்கை வந்தாள்.

"ஃபுல்சினியா, நான்தான். திற."

"குரல் தெரியுதுங்க. ஆனா திறக்க மாட்டேன். உங்களுக்குக் காரியம் பண்ணியாச்சு. காரியம் ஆனவரு வாசப்படி மிதிக்கக் கூடாது. கூரை மேல ஏறி, முத்தத்துத் திறப்பு வழியா இறங்கி வாங்க."

"நான் என்ன பூனையா?"

பூசாரியிடம் ஓடினேன். என் கை சூடாக இருக்கிறது, தொட்டுப் பாருங்கள் என்று நீட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போய், "உசுரோட இருக்கிறது வேற, காரியம் ஆனது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. கூரை வழியா இறங்கினா புதுசாப் பொறந்தவன். வாசல் வழியாப் போனா பொணம் வீட்டுக்குள்ள வந்த தோஷம்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார். எதிர்வீட்டு ஹெரென்னியஸ்தான் இடம் கொடுத்தான். அவன் காலைப் பார்த்தால், என் செருப்பு! "உங்க சம்சாரம் குடுத்தாங்கண்ணே. அளவு எடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்கிறான். கழற்றித் தருகிறேன் என்று வாய் வார்த்தைக்குக்கூடச் சொல்லவில்லை.

கார்த்தேஜ்காரன் யானைகளை ஏவிவிட்டபோது வரிசையில் அசையாமல் நின்றவன் நான். மூன்று நாளாகச் சொந்த வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு எதிர்வீட்டில் பயற்றங்கஞ்சி குடிக்கிறேன். என் உடம்பைத் தாங்க எந்த ஓடு சம்மதிக்கும்? நூறு பேர் வேடிக்கை பார்க்கக் கயிற்றில் தொங்கி இறங்கினால், அப்புறம் மன்றத்தில் எவன் என்னை மதிப்பான்? ஜூபிடர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நுழைந்தால் வாசல் வழியாகத்தான். ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, எழுதியது பொய் என்று பூசாரி முன்னால் சொல்லியாக வேண்டும்.

உங்கள் கிடங்கையும் குழந்தைகளையும் எல்லாத் தெய்வங்களும் காக்கட்டும். அக்காவுக்கு என் அன்பு. நத்தையை மட்டும் இனி யாருக்கும் பரிமாற வேண்டாம்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும்
நுமேரியஸ் டுரோனியஸ்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். இன்று காலை கதவிடுக்கு வழியாக ஃபுல்சினியா சொன்னாள்: "மேலத் தெருவுல ஒருத்தரு இப்படித்தான் ஜம்பமா வாசல் வழியாப் போனாரு. வருஷம் திரும்பல, நிஜமாவே போயிட்டாரு. ஒரு தடவை உங்களுக்கு அழுதுட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாதுங்க." ஏணி வைத்து ஏறினேன். ஏழு ஓடு உடைந்தது. பாதியில் கயிறும் அறுந்தது. கீழே முற்றத்து மழைத்தொட்டிக்குள், என்னைத் தாங்கிப் பிடிக்கப்போவதாக இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தாள், மச்சான். நேராக அவள் மேலேயே விழுந்தேன். எழுந்ததும் என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். இன்னொரு தடவை முடியாது என்றவள், பொழுது சாய்ந்தும் நிறுத்தவில்லை.