சுவரில்லாத வாசலில் இரண்டு அப்பாக்கள்

மர்வ்தஷ்த்,
ஒர்திபெஹெஷ்த் மாதம், மூன்றாம் வெள்ளி, பிற்பகல்

மரியாதைக்குரிய எஸ்ஃபந்தியார் பெரியப்பாவுக்கு,

உங்கள் நிழல் எங்கள் தலைமேல் குறையாதிருக்கட்டும். மஷ்ஹதில் பெரியம்மாவின் முழங்கால் தேவலையா? எங்களைப் பற்றிக் கேட்டால், உங்களைப் பிரிந்திருப்பது தவிர வேறு துயரம் இல்லை என்று எழுதுவதுதான் முறை. இந்த முறை இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் தம்பி, என் அப்பா ஹூஷங், மூன்று வெள்ளிக்கிழமைகளாக ஒரு வாசலில் நிற்கிறார்.

பழைய பாரசீக மன்னர்களின் தக்தே ஜம்ஷித் அரண்மனை, அதன் பெரிய வாசல். இருபுறமும் இறக்கை முளைத்த கல் எருதுகள். சுவர் கிடையாது. கூரை கிடையாது. எரிந்ததும் இடிந்ததும் போக வாசல் மட்டும் மிச்சம்.

அவருடன் நிற்பவர் மொஸாஃபர், மரியாதையாகச் சொன்னால் ஆகா மொஸாஃபர். நான் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் கோல்னாரின் அப்பா. நாங்கள் பெண் கேட்டுப் போன அன்று அவர் சொன்னார்: "என் மாமனார் எனக்குச் சரின்னு சொன்னது நூறு தூண் மண்டபத்துல, டீ குடிச்சுக்கிட்டே. நானும் அங்கதான் சொல்வேன்." வாசலைத் தாண்டி முந்நூறு தப்படி நடந்தால் மண்டபம்.

"நீங்க முதல்ல" என்றார் அப்பா.

"உங்களுக்கு முன்னால நானா? நான் உங்க காலடி மண்ணு."

"மண்ணுன்னா அது நான்தான். நீங்க நடங்க."

அவ்வளவுதான். அன்று நடக்கவில்லை. அடுத்த வெள்ளியும் நடக்கவில்லை.

மற்றவர்கள் எல்லாரும் வாசலைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் போகிறார்கள். அம்மாவும் கோல்னாரின் அம்மாவும் முதல் நாளே சோற்றுப் பானையோடு அப்படிப் போய், கம்பளம் விரித்து, வெள்ளரிக்காய்க்கு உப்புத் தொட்டுச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அப்பாக்களிடமும் சொல்லிப் பார்த்தேன். "வாசல் இருக்கும்போது பக்கத்துல நுழையறது திருடன் வேலை" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

வயதில் மூத்தவர் முதலில் போகட்டும் என்று காவலாளி ஸஃபர் போன வாரம் யோசனை சொன்னார், அதுதான் வினை, அப்பாவுக்கு வயது அறுபத்தொன்று, ஆனாலும் அவர் தனக்கு ஐம்பத்தெட்டுதான் என்றார், அப்படியானால் தனக்கு ஐம்பது என்றார் ஆகா மொஸாஃபர், அப்பா நாற்பத்தாறுக்கு இறங்கினார், வெயில் ஏற ஏற வயது குறைந்துகொண்டே போய், மதியத் தொழுகை அழைப்பு கேட்டபோது ஆகா மொஸாஃபருக்கு இருபத்திரண்டு ஆகிவிட்டது, அவர் மகளுக்கே இருபத்தாறு, அப்பா சளைக்காமல் தனக்கு இன்னும் பால்பற்கள் விழவில்லை என்பதுபோல ஏதோ சொல்லத் தொடங்க, ஸஃபர் குறுக்கிட்டு, "பெரியவங்க துணையில்லாம சின்னப் பசங்கள உள்ள விடறதில்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தேன். உள்ளே, அரசவைக்கு ஏறும் படிகளில், கல்லில் செதுக்கிய பிரபுக்கள் இருக்கிறார்கள். ஒருவர் திரும்பிப் பின்னால் வருபவரின் கையைப் பிடித்திருக்கிறார். அவர்கள் அளவளாவுகிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வேடே எழுதினேன். தவறு. அவர்கள் "நீங்க முதல்ல" என்கிறார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள். இன்னும் ஒருவரும் மேலே போய்ச் சேரவில்லை.

அடுத்த சனிக்கிழமை கோல்னார் பந்தர் அப்பாஸில் வேலையில் சேர வேண்டும். அங்கே அவளுக்கு ஓர் அத்தை. அத்தைக்கு ஒரு மகன். பதில் இல்லாமல் போனால் பதில் வேறெங்காவது கிடைத்துவிடும்.

"உங்கப்பா கொஞ்சம் மரியாதை இல்லாதவரா இருந்திருக்கலாம்" என்றாள்.

"உங்கப்பா?"

"அவர் மாற மாட்டார். நீதான் ஏதாவது செய்."

நான் செய்வது இந்தக் கடிதம். பெரியப்பா, இனி ஒரே ஒரு வெள்ளிதான் மிச்சம். அண்ணன் சொல்லை அப்பா தட்டியதில்லை. நீங்கள் வந்து, "ஹூஷங், உள்ள போ" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். தொலைபேசியில் ஏன் கேட்கவில்லை என்பீர்கள். கேட்கத்தான் உங்களை அழைத்து, முதலில் அப்பாவிடம் கொடுத்தேன். யார் முதலில் பேச்சை முடிப்பது என்று நீங்கள் இருவரும் நாற்பது நிமிடம் கெஞ்சிக்கொண்டிருந்தீர்கள். சார்ஜ் தீர்ந்துவிட்டது.

இதை எழுதும்போதும் அவர்களைப் பார்க்கிறேன். காலையில் வாசலை ஒட்டி நின்றார்கள். இப்போது எனக்குப் பக்கத்தில், படிக்கட்டருகே நிற்கிறார்கள். எல்லா வாரமும் இப்படித்தான். தரை சரிவு போலிருக்கிறது.

பெரியம்மாவின் கைகளுக்கு என் முத்தம். சின்னவர்களின் கண்களுக்கும். உங்கள் வருகைக்காகக் கண்களைப் பாதையில் விரித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி மகன்,
கியூமர்ஸ்

பி.கு.: வர வேண்டாம்.

இதை மடிக்கும்போது கோல்னார் என் தோளுக்கு மேலாக வாசித்துவிட்டாள். "உங்க பெரியப்பாவும் வந்தா மூணு பேரா நிப்பாங்க. தரை ஒண்ணும் சரிவில்ல. ஒவ்வொரு 'நீங்க முதல்ல'வுக்கும் ரெண்டு பேரும் ஒரு அடி பின்னால வைக்கிறாங்க. ஆய்வேடு எழுதினவனுக்கு இது தெரியலையா?" என்றாள்.

எழுந்து போய் அவர்களை மறுபடி வாசலருகே அழைத்து வந்தாள். "இந்தப் பக்கம் திரும்புங்க. படம் எடுக்கணும்." திரும்பினார்கள். வாசல் இப்போது அவர்கள் முதுகுக்குப் பின்னால்.

"யாராவது ஒருத்தர் முன்னால வாங்க."

"நீங்க வாங்க." ஓர் அடி பின்னால். "நீங்க இருக்கும்போது நானா?" இன்னோர் அடி. எண்ணினேன். நாற்பத்தோராவது உபசாரத்தில் எருதுகளைத் தாண்டிவிட்டார்கள். கோல்னார் விடவில்லை. தலை குனிந்தபடி, மார்பில் கை வைத்தபடி, இருவரும் முதுகுப்பக்கமாகவே நூறு தூண் மண்டபம் வரை போனார்கள். அங்கே அம்மா டீயை நீட்டினாள். ஆகா மொஸாஃபர் ஒரு மிடறு குடித்தார். சுற்றிப் பார்த்தார். "சரி" என்றார்.

வெளியே வருவதற்கு ஸஃபர் உள்ளே நின்று படம் எடுத்தார்.

வியாழனன்று நிக்காஹ். கட்டாயம் வாருங்கள். கல்யாண மண்டபத்துக்கு ஒரே வாசல்தான், பெரியப்பா. அங்கே சுவரும் இருக்கிறது. தயவுசெய்து தெருவைப் பார்த்தபடியே வந்து சேருங்கள்.