தலைவர் வீட்டு ஜன்னல்

ஒரு காட்டில், எல்லா ஊரிலும் இருப்பதைப் போலவே, ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் இருந்தது. அதன் தலைவர் வைத்தியலிங்கம் என்கிற கடமான். ஓடைக்கரையில் தனி வீடு, தெருவைப் பார்த்து ஆளுயர ஜன்னல், தலையில் கிளை கிளையாகக் கொம்பு. தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியே அந்தக் கொம்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். அதற்காகவே அவரும் காலையில் பேப்பர் படிக்கிற சாக்கில் அங்கே உட்கார்ந்திருப்பார்.

பங்குனியில் ஒருநாள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலது கொம்பு கழன்று வாளியில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தார். இடது கொம்பும் விழுந்தது.

கடமானுக்கு வருஷா வருஷம் கொம்பு விழுவதும் சில மாதத்தில் முளைப்பதும் இயற்கை. வைத்தியலிங்கத்துக்கு மட்டும் அது பரம ரகசியம். வழக்கமாக இந்தச் சமயத்தில் தீர்த்த யாத்திரை என்று சொல்லிவிட்டு, அடுத்த மலையில் ஒரு புதரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். இந்த வருஷம் அது நடக்காது. சித்திரையில் சங்கத் தேர்தல். ஊரை விட்டு நகர்ந்தால் துணைத் தலைவர் பொன்னுரங்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பொன்னுரங்கம் காட்டெருமை, அவர் கொம்பு சாகும்வரை விழாது. சரி, வீட்டிலேயே இருக்கலாம் என்றால் மொட்டைத் தலை ஊருக்கே தெரிந்துபோகும். தலைவராக இருப்பவருக்குத் தலையில் கொம்பு இருக்க வேண்டும் என்கிறது சங்கத்தின் நான்காவது விதி. கரடி தேர்தலில் நின்றுவிடக் கூடாது என்று போன வருஷம் வைத்தியலிங்கமே எழுதிச் சேர்த்த விதி அது.

அவர் மனைவி செண்பகவல்லிக்கு இதில் இடிந்துபோய் உட்கார என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

"எனக்குப் பொறந்ததுலேருந்து கொம்பு கிடையாது. நான் குடும்பம் நடத்தலையா?"

"நீ தலைவர் இல்லையே வல்லி," என்றார் அவர்.

அவள் பேனாவை எடுத்தாள். சங்கத்துக்கு வந்திருந்த கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை அவளுக்கு இருந்தது. என்றைக்கும் அது அவள் வேலைதான்.

தலைவருக்குக் கால் சுளுக்கு, வெளியே வர மாட்டார் என்று அறிவித்தாயிற்று. ஜன்னலுக்குத் திரையும் போட்டாயிற்று. காட்டில் திரை என்றால் கோரைப்புல்தான். மறுநாள் காலைக்குள் முயல்கள் அதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டிருந்தன. உள்பக்கத்து ஓரத்தில் வைத்தியலிங்கமும் கொஞ்சம் கடித்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடி வியாபாரி நீலமேகத்தை வரச் சொன்னார்கள். நீலமேகம் கருமந்தி. மாதிரித் துண்டுகளைக் கோணிப்பையில் சுமந்துகொண்டு உச்சி வெயிலில் வந்து சேர்ந்தான். தலைவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுளுக்கு காலில் என்றால் கட்டு ஏன் தலையில் என்று நீலமேகம் கேட்கவில்லை. நல்ல வியாபாரி கேட்க மாட்டான்.

பால் நிறக் கண்ணாடியை முதலில் காட்டினான். வெளியே இருந்து உள்ளே தெரியாது, உள்ளே இருந்து வெளியேயும் தெரியாது. அது வைத்தியலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. யார் கும்பிடுகிறார்கள், யார் கும்பிடாமல் போகிறார்கள் என்று தெரியாவிட்டால் தலைவராக இருந்து என்ன பயன்? பச்சைக் கண்ணாடியில் எல்லோரும் பாசி பிடித்தது போல் தெரிந்தார்கள். ஒட்டுகிற தாளும் இருந்தது. அது கொப்புளம் விடும் என்று நீலமேகமே சொல்லிவிட்டான். கடைசியில் வெள்ளி பூசிய ஒன்றை எடுத்தான். தெருவில் இருப்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி, வீட்டில் இருப்பவருக்கு வெறும் ஜன்னல். வைத்தியலிங்கம் அதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே சொக்கிப்போனார்.

செண்பகவல்லிதான் ஒரு கேள்வி கேட்டாள். "உள்ள விளக்கு போட்டா?"

"விளக்கு போட்டா வீடு வெளிச்சமா இருக்கும்மா," என்றான் நீலமேகம், பையைக் கட்டிக்கொண்டே.

ஜன்னலை மாற்றச் சங்கத்தின் அனுமதி வேண்டும். மூன்று பிரதிகளில் படிவம். 'காரணம்' என்ற கட்டத்தில் 'வெயில்' என்று எழுதி விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட்டார். வழக்கத்தை மீறக் கூடாதென்று மூன்று நாள் அதை மேஜையிலேயே கிடப்பில் போட்டார். பிறகு தலைவராகக் கையெழுத்துப் போட்டார்.

கண்ணாடி பொருத்திய அன்று பொழுது போனதே தெரியவில்லை. காட்டுக்கு அதுவரை ஓடைத் தண்ணீர்தான் முகக்கண்ணாடி. அதிலும் எப்போதும் எருமைகள் புரளும். ஆகவே ஊரே ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றது. சைவ உணவு இயக்கத்தின் செயலாளரான நரி, அக்கம் பக்கம் பார்த்துவிட்டு வாயைத் திறந்து, பல்லிடுக்கில் மாட்டியிருந்த கோழி இறகை எடுத்தது. கரடி இரண்டு சுள்ளிகளைத் தலைக்கு மேல் பிடித்து, கொம்பு இருந்தால் எப்படி இருப்போம் என்று பார்த்துக்கொண்டது. பொன்னுரங்கம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். தொண்டையைச் செருமினார். "நம்மை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டுப் போன தலைவர் வைத்தியலிங்கம் அவர்கள்..." என்று தொடங்கி, எந்த இடத்தில் கண்ணீர் விட்டால் எடுப்பாக இருக்கும் என்று நான்கு முறை ஒத்திகை பார்த்தார். ஒரு முழம் தள்ளி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், வைத்தியலிங்கம் தன் இரங்கல் கூட்டத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தது. பேச்சு நன்றாக இருந்ததால் கொஞ்சம் அழுகையும் வந்தது.

பொழுது சாய்ந்தது. செண்பகவல்லி கடிதம் எழுத விளக்கை ஏற்றினாள்.

சட்டென்று தெரு காணாமல் போயிற்று. ஜன்னலில் ஒரு மொட்டை மான் நின்று முறைத்தது. தலைவர் வீட்டு வாசலில் கும்பிடுகூடப் போடாமல் முறைக்கிறானே என்று வைத்தியலிங்கத்துக்குச் சுரீர் என்றது. துண்டு நழுவ எழுந்து போய்க் கத்தினார்.

"யாருய்யா நீ? உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"அது நீங்கதாங்க," என்று சொல்லிவிட்டு விளக்கை ஊதி அணைத்தாள் செண்பகவல்லி.

விளக்கு அணைந்ததும் அந்தி வெளிச்சத்தில் தெரு திரும்பி வந்தது. நரி, கரடி, இருபது முப்பது முயல்கள், முன்னால் பொன்னுரங்கம். விளக்கு வெளிச்சத்தில் உள்ளே இருந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

காலையில் வைத்தியலிங்கம் ராஜினாமாக் கடிதத்தைச் சொல்லச் சொல்ல, செண்பகவல்லி எழுதினாள். கையெழுத்துப் போடும் நேரத்தில் பொன்னுரங்கம் வந்து நின்றார். விதி நான்கைக் கையோடு கொண்டுவந்திருப்பார் என்றுதான் வைத்தியலிங்கம் நினைத்தார். அவரோ தலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"ஏங்க, பகல்ல இந்தப் பக்கத்துலேருந்து தெரு தெரியுமாமே?"

"தெரியும்."

"சத்தம் கேக்காதில்ல?"

"நாலு தடவையும் கேட்டுச்சு," என்றார் வைத்தியலிங்கம்.

பொன்னுரங்கம் மெதுவாக உட்கார்ந்தார். செண்பகவல்லி ராஜினாமாக் கடிதத்தை மடித்து அதன் மேல் காப்பி டம்ளரை வைத்தாள். பொன்னுரங்கம் காப்பியைக் குடித்துவிட்டு, கால் சுளுக்கு இப்போது தேவலையா என்று அக்கறையாக விசாரித்தார்.

சித்திரையில் வைத்தியலிங்கம் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொன்னுரங்கம் முன்மொழிய, கரடி வழிமொழிந்தது. விதி நான்கை நீக்கும் தீர்மானத்தை நரி கொண்டுவந்தது. கொம்பு வேண்டும் என்பது பிற்போக்குத்தனம் என்று உருக்கமாகப் பேசியது. மேடையில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தவரை யாரும் புருவத்துக்கு மேலே பார்க்கவில்லை.

அடுத்த பங்குனியில் வைத்தியலிங்கம் நிம்மதியாகத் தீர்த்த யாத்திரை போனார். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல அவசியமும் இல்லை. தெருவில் போகிறவர்கள் ஜன்னலைப் பார்த்து, முன்னைவிடக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே, தலைவர் நாற்காலியில், பிறந்ததிலிருந்து கொம்பில்லாத செண்பகவல்லி உட்கார்ந்து சங்கத்துக் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

நீதி: தலைவராக இருக்கக் கொம்பும் வேண்டாம், ஆளும் வேண்டாம், ஊர் முகம் பார்க்கிற மாதிரி ஒரு ஜன்னல் போதும். பொழுது சாய்ந்தால் விளக்கு மட்டும் ஏற்றக் கூடாது.