பாதி பாட்டில்

பதினோராவது டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தபோது, தான் நடந்தாலே வயிற்றுக்குள் அலையடிப்பதுபோல் சூப்பர்வைசருக்கு இருந்தது.

"தண்ணி குடிச்சா நிகோடின் போயிடுமா?" என்று மருந்துக்கடைக்காரரிடம் நண்பருக்காகக் கேட்பதுபோல் கேட்டிருந்தார்.

"சிறுநீர் போகும்" என்றார் மருந்துக்கடைக்காரர். "உங்க நண்பர் நேத்தும் பிடிச்சிருந்தா அது போகாது."

சூப்பர்வைசர் வேலை பார்ப்பது பெயிண்ட் தின்னர் கிடங்கில். ஒரு பொறி விழுந்தால் கிடங்கோடு தெருவும் போய்விடும். அதனால் பாதுகாப்பு அதிகாரி பதவிக்கு வருகிறவர் புகை பிடிக்காதவராக இருந்தே ஆக வேண்டும். 'இரண்டு வருஷமாகத் தொட்டதில்லை' என்று அவர் அந்தப் பதவிக்கான மனுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். நாளைக் காலை ஒன்பது மணிக்குச் சிறுநீர்ப் பரிசோதனை. பொய் என்று தெரிந்தால் புது வேலை கிடைக்காது. பழைய வேலையும் போய்விடும்.

கிடங்கில் சிகரெட்டை ஒழித்தவரே அவர்தான். ஒவ்வொருவரும் புகைக்க வெளியே போய்வரும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் ஒரு மாதம் குறித்து, 'ஆளுக்கு வருஷத்தில் இருபத்துமூன்று வேலைநாள் புகையாகப் போகிறது' என்று வாசலில் எழுதி ஒட்டினார். தீப்பெட்டிகளைப் பறித்தார். 'புகை போலீஸ்' என்று பெயரே விழுந்துவிட்டது.

அந்தப் போலீஸ் தினமும் மூன்று சிகரெட் பிடித்தார். வீட்டுக் குளியலறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு. புகையெல்லாம் வெளியே போய்விடும், யாருக்கும் கெடுதல் இல்லை என்பது அவர் வாதம். மனைவிக்குக்கூடத் தெரியாது. "கீழ் வீட்டுக்காரர் ஊதுற நாத்தம் பாப்பா ரூம் வரைக்கும் வருதுங்க" என்று அவள் சொன்னபோது, கீழே போய் அந்த மனிதரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர் அவர்.

"சத்தியமா எனக்கு அந்தப் பழக்கமே இல்ல சார்" என்று பாவம் கீழ் வீட்டுக்காரர் சொன்னார்.

"பிடிக்கிறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க" என்றார் இவர்.

தண்ணீர் கைவிட்டதும் ஃபோர்க்லிஃப்ட் டிரைவரின் நினைவு வந்தது. நல்ல ஆள். சுத்தமான ஆள். வேலை முடியும் நேரம் பார்த்து அவரைத் தகர டிரம்களுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, உன்கிட்ட ஒரு உதவி. கொஞ்சம் கூச்சமான விஷயம்."

"நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்ணே!" என்று டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தீப்பெட்டியப் பிடுங்கினப்போ உங்களத் திட்டாத நாள் இல்ல. சிகரெட்ட விட்டு இன்னையோட பதினாலு மாசமாச்சு. பையனுக்கு மூச்சுத் திணறல் பாதி கொறஞ்சிடுச்சுண்ணே. ராத்திரி தூங்குறான். எல்லாம் உங்களாலதான். சொல்லுங்க, என்ன வேணும்? உசுரையே கேளுங்க!"

உயிரைக் கேட்டிருக்கலாம். சிறுநீரைக் கேட்க வாய் வரவில்லை.

"ஒண்ணுமில்ல. வண்டிக்கு ஆயில் மாத்திடு" என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்குக் குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டவர், கண்ணாடிக்குக் கீழே சிறுநீர் நிரம்பிய ஒரு சிறிய பாட்டிலைக் கண்டார். மூடியில் மகளின் வகுப்பும் பிரிவும் எழுதிய சீட்டு. அவள் பள்ளியில் இன்று மருத்துவப் பரிசோதனை.

பதினோரு வயசு. அந்த வீட்டிலேயே அவளைவிடச் சுத்தமான ஆள் யார்?

அலமாரியில் மகளின் இருமல் மருந்து பாட்டில் காலியாகக் கிடந்தது. மூன்று முறை கழுவி, அதில் பாதியை ஊற்றிக்கொண்டார். மீதிப் பாட்டில் பார்ப்பதற்குப் பரிதாபமாக இருந்தது. தன்னுடையதை ஊற்றி நிரப்பிவிடலாம், பதினோரு டம்ளர் தயாராகத்தான் இருந்தது. ஆனால் மனம் வரவில்லை. அவள் ரிப்போர்ட்டில் தன் அழுக்கு ஏறிவிடக் கூடாது. என்ன இருந்தாலும் பெற்றவன் அல்லவா?

இருமல் மருந்து பாட்டிலைச் சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

"அம்மா! என் பாட்டில்ல பாதியைக் காணோம்!"

"காணாமப் போற பொருளாடி அது?"

"ஆவியாயிருக்கும்" என்றார் சூப்பர்வைசர்.

"ஒரு மணி நேரத்துலயா? எங்க சயின்ஸ் மிஸ் கேட்டா சிரிப்பாங்கப்பா" என்று சொல்லி மகள் இருமினாள்.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கடைசியா உள்ள போனது நீங்கதானே?"

"அதை நான் எதுக்கும்மா எடுக்கப் போறேன்?"

"எடுத்தீங்கன்னு இப்ப யாரு சொன்னா?"

சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். பஸ்ஸில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர், "குடலிறக்கமா சார்? ஆபரேஷன் பண்ணிடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்று யாரிடமோ கேட்டு இடம் வாங்கிக் கொடுத்தார்.

கிடங்கின் மருத்துவ அறையில் நர்ஸம்மா ஒரு கப்பை நீட்டினாள். கழிப்பறைக்குப் போய் இருமல் பாட்டிலை அதில் கவிழ்த்து, காலிப் பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டு, கப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

அவள் முகர்ந்து பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "என்ன சார், இருமல் மருந்து வாசனை?"

"இருமல்... அதான் ரெண்டு நாளா குடிக்கிறேன்."

"இருமலா? அப்ப நெஞ்சையும் பாத்துடலாம். சட்டையக் கழட்டுங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஸ்டெதாஸ்கோப் ஜில்லென்று முதுகில் பட்டது. "நல்லா இழுத்து விடுங்க" என்றாள். அவர் பாதிதான் இழுத்தார். முழுக்க இழுத்தால் உள்ளே இருபது வருஷம் கரகரப்பது அவருக்குத் தெரியும்.

"நல்லா சார்."

இழுத்தார். கரகரத்தது. அவள் எதையோ எழுதிக்கொண்டாள்.

முடிவு மாலை நாலு மணிக்கு. அதுவரை அவர் ஏழு முறை கழிப்பறைக்குப் போய்வந்தார். நேற்றைய தண்ணீர் பாதி, பயம் பாதி. வாசலில் தான் ஒட்டிய காகிதத்தை ஒவ்வொரு முறையும் கடந்து போனார். ராஜினாமாக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்தார். டிரைவர் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டியபோது, தரையைப் பார்த்துக்கொண்டார்.

நாலு மணிக்கு நர்ஸம்மா கூப்பிட்டாள். கையில் லேப் காகிதம். முகத்தில் சிரிப்பு இல்லை.

"உக்காருங்க சார். நிகோடின் தடயம் இருக்கு."

அவர் உட்காரவில்லை. நாற்காலி இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை.

"இருக்க... இருக்க வாய்ப்பே இல்லையே!" அன்று முழுவதும் அவர் மனதாரச் சொன்ன ஒரே உண்மை அது. "அது சுத்தமானதும்மா. எனக்கு நல்லாத் தெரியும்!"

"பயப்படாதீங்க சார், பாஸ்தான். பிடிக்கிறவங்களுக்கு அளவு இதைவிட எவ்வளவோ ஜாஸ்தி இருக்கும்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க பிடிக்கிறதில்ல, ஆனா உங்க வீட்டுக்குள்ள யாரோ தினமும் ஊதி ஊதி உங்க உடம்புல ஏத்துறாங்க. யாருன்னு கண்டுபிடிச்சு, கொஞ்சமாவது மனசாட்சி இருக்கான்னு நறுக்குன்னு கேளுங்க சார்!"